தட்டுவடை செட்டை எந்த ஊர்ப் பண்டம் வெல்லும்? சொல்லுங்கள் பார்க்கலாம்

கொலுசுப்பட்டறை (சேலம்)

சேலத்துக்காரன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: கையில் எடுத்து வாயில் போடும் பண்டங்களில் தட்டுவடை செட்டுக்கு நிகராக இன்னொன்று இல்லை. மறுப்பவர்கள் தங்கள் ஊர்ப் பண்டத்தோடு வரட்டும்.

வெளியூர் நண்பர்களுக்காக: செட்டுக்குப் போடும் தட்டுவடை, தீபாவளிக்கு வீட்டில் சுடும் தட்டையைவிடச் சிறியது, சற்றுக் கனமானது. அதன்மேல் பச்சைச் சட்னி ஒரு தீற்று, சிவப்புச் சட்னி ஒரு தீற்று. அதற்கு மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம், கொத்தமல்லித்தழை. எலுமிச்சையைக் கொஞ்சம் பிழிந்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். பாதி கடித்தால் சிந்திவிடும். முழுதாக வாயில் போட வேண்டும். முதலில் நொறுங்கும் சத்தம், அடுத்துப் பூண்டுக் காரம், கடைசியில் பீட்ரூட்டின் இனிப்பு. அந்த இனிப்பு காரத்தை அடக்குவதற்குள் கை அடுத்த செட்டுக்குப் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் மாலையில் தள்ளுவண்டி நிற்கும். வெள்ளிப் பட்டறையிலும் தறியிலும் பொழுதெல்லாம் குனிந்து வேலை செய்தவர்கள் நிமிர்ந்து வெளியே வரும் நேரம் அது. இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வயிறு கேட்கிறது, கையில் இருப்பதோ சில்லறை. அந்த வேளைக்கு இதைவிடப் பொருத்தமான பண்டத்தை யாராலும் செய்துவிட முடியாது.

வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சில கடைகளில் செட்டுக்குள் மயோனைஸைப் பிதுக்குகிறார்கள், சீஸைத் துருவிக் கொட்டுகிறார்கள். விலை ஏறுகிறது, சட்னியின் ருசி அடியில் புதைந்துபோகிறது. இதை நான் ஏற்கவே மாட்டேன்.

போட்டிக்கு வருபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாள்கூலி வாங்குபவர் யோசிக்காமல் வாங்கித் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். அடுக்கியோ உள்ளே பொதிந்தோ கொடுப்பதாக இருக்க வேண்டும். பட்டியலை விடுங்கள், பண்டத்தைச் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை (கரூர்)

அண்ணா, முதல் ஆளாக நான் வருகிறேன். தட்டுவடை எந்த ஊருடையது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அதை எப்படித் தின்ன வேண்டும் என்று தெரிந்த ஊர் கரூர்தான்.

நீங்கள் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று பார்த்துப் பார்த்து அடுக்குகிறீர்கள். எங்கள் ஊரில் தட்டுவடையைக் கையால் நொறுக்கி, பொரியோடு கலந்து, சட்னியும் துருவிய காயும் வெங்காயமும் போட்டுக் கிளறிக் கொடுப்பார்கள். அதுதான் கரம். அவித்த முட்டையைச் சேர்த்தால் முட்டைக் கரம், சமோசாவை உடைத்துப் போட்டால் சமோசா கரம். செட்டில் எல்லா வாயும் ஒரே ருசி. கரத்தில் ஒரு கரண்டியில் பொரி மெத்தென்று வரும், அடுத்த கரண்டியில் தட்டுவடையின் கடலைப்பருப்பு பல்லில் அகப்படும்.

பஸ் கூடு கட்டும் பட்டறைகளிலும் துணி ஏற்றுமதி நிறுவனங்களிலும் வேலை முடித்து வருபவர்கள் வண்டியைச் சுற்றி நிற்பதை ஒருமுறை வந்து பாருங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பொட்டலம் கட்டாமல் யாரும் போக மாட்டார்கள். செட்டைப் பொட்டலம் கட்ட முடியுமா உங்களால்?

மயோனைஸ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. கரத்தில் முதன்முதலில் ஒருவர் முட்டையைச் சேர்த்தபோது பக்கத்து வண்டிக்காரர் முகம் சுளித்திருக்க மாட்டாரா? முட்டைக்கு வழிவிட்டவர்கள் சீஸுக்கு மட்டும் ஏன் கதவை மூட வேண்டும்?

கொலுசுப்பட்டறை (சேலம்)

தங்கையே, நொறுக்கித் தின்பது எங்களுக்கும் தெரியும். சேலத்தில் அதை நொறுக்கல் என்போம். முட்டை நொறுக்கலும் உண்டு. அருமையான பண்டம்தான். ஆனால் நொறுக்கியதும் தட்டுவடை சட்னியைக் குடிக்கத் தொடங்கிவிடும். செட்டில் அது கடைசிவரை எதிர்த்து நிற்கும். எனக்கு அந்த எதிர்ப்பு வேண்டும். பொட்டலம் கட்ட முடியாது என்பதைக் குறையாக நினைக்கவில்லை. செய்பவரின் எதிரே நின்று, அவர் நீட்டுவதை உடனே வாங்கித் தின்ன வேண்டிய பண்டம் இது.

முட்டைக்கு வருகிறேன். சேலத்துக்கும் கரூருக்கும் நடுவே நாமக்கல் இருக்கும்போது முட்டை வண்டிக்குள் வராமல் இருந்தால்தான் அதிசயம். பக்கத்தில் விளைவது, மலிவாகக் கிடைப்பது, பசியை ஆற்றுவது. அப்படி வருவதற்கு யாரும் கதவைத் திறந்துவிடக்கூடத் தேவையில்லை. சீஸ் அப்படி வரவில்லை. விலையை ஏற்றுவதற்காக அழைத்து வரப்பட்டது.

வைகைவாசி (மதுரை)

அடுக்கு என்று சொல்லிவிட்டு மதுரையைக் கூப்பிடாமல் இருக்கிறீர்களே! கறி தோசையைவிடப் பெரிய அடுக்கு எது? கனமாக வார்த்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மிளகு போட்டு வதக்கிய கறி. அப்படியே திருப்பிப் போட்டுக் கறியைக் கல்லோடு அழுத்துவார்கள். மூன்றும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

கொலுசுப்பட்டறை (சேலம்)

கறி தோசைக்குத் தலைவணங்குகிறேன் தம்பி. ஆனால் கூலி வாங்கிய கையோடு தினமும் தின்ன முடியுமா? மாதத்தில் ஒருநாள் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து தின்பது அது. அதற்கு வேறொரு போட்டி வைப்போம்.

வைகைவாசி (மதுரை)

சரி, பன் பரோட்டாவைப் பிடியுங்கள். உள்ளங்கையளவில் உப்பலாக, வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே பஞ்சாக இருக்கும். பிய்த்துச் சால்னாவில் முக்கினால் இழை இழையாகச் சால்னாவை வாங்கிக்கொள்ளும். உள்ளே எதுவும் பொதியவில்லையே என்று சொல்லாதீர்கள். சால்னாவைப் பொதிந்துகொள்ளத்தான் அத்தனை இழைகளும் இருக்கின்றன.

மாட்டுங்காவாசி (மும்பை)

சேலத்து அண்ணா, உங்கள் செட்டின் பட்டியலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் பாசமும் சேர்ந்து வந்தன. பீட்ரூட், வெங்காயம், பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்த பச்சைச் சட்னி. பம்பாயில் தெருவோரச் சாண்ட்விச்காரர் வைப்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்! வெண்ணெய் தடவிய வெள்ளை ரொட்டியில் பச்சைச் சட்னியைப் பூசி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் என்று வில்லை வில்லையாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் மசாலாத்தூளைத் தூவுவார். ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டு ஆறு துண்டாக நறுக்கி நீட்டுவார். ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்களும் பீட்ரூட்டோடு பச்சைச் சட்னியைச் சேர்த்திருக்கின்றன.

ஆனால் நான் போட்டிக்குக் கொண்டுவருவது வடா பாவ். 1966ஆம் ஆண்டு தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் போட்ட கடையில் தொடங்கியதாகச் சொல்வார்கள். பருத்தி ஆலைத் தொழிலாளர்களின் ஊர் அது. ஷிப்டுக்கு ஓடுபவருக்கு ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் உணவு வேண்டும். சூடான உருளைக்கிழங்கு வடை, பாவ் என்னும் பன், பூண்டும் கொப்பரையும் மிளகாயும் இடித்த வறட்டுச் சட்னி, உப்பில் புரட்டிய வறுத்த பச்சை மிளகாய். அவ்வளவுதான். 1982இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, வேலையிழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வடா பாவ் வண்டிதான் சோறு போட்டது. தின்றவனையும் காப்பாற்றியது, விற்றவனையும் காப்பாற்றியது. உங்கள் செட்டுக்கு அந்தப் பெருமை உண்டா?

கொலுசுப்பட்டறை (சேலம்)

இப்போதுதான் எனக்கு உண்மையான எதிராளி கிடைத்திருக்கிறார். வடா பாவின் வரலாற்றோடு நான் மோதப் போவதில்லை. ஆனால் ருசியில் மோதுவேன். மாவுக்குள் மாவு வைத்து, அதற்குள் கிழங்கு வைக்கிறீர்கள். பசி தீரும், மறுப்பில்லை. நாக்கு எங்கே விழித்துக்கொள்கிறது? அந்த வறட்டுப் பூண்டுச் சட்னியில் மட்டும்தான். எங்கள் செட்டில் பச்சைக் காய் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, நொறுங்கல் இருக்கிறது. மாங்காய் காலத்தில் உள்ளே மாங்காயைச் சேர்த்துக் கொடுப்பார்கள். மாம்பழத்துக்குப் பெயர்போன ஊரில் அந்தப் புளிப்பு எப்படி இருக்கும் என்று வந்து தின்று பாருங்கள்.

பருத்தித்துறை (யாழ்ப்பாணம்)

அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். எங்களுடைய பாணையும் (நீங்கள் பிரட் என்பது) சம்பலையும் யாரும் நினைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

விறகு அடுப்பு வெதுப்பகத்திலிருந்து பின்னேரம் வெளியே வரும் ரோஸ் பாணின் மேல்தோல் முறுகலாக இருக்கும். அதைக் கத்தியால் வெட்டக் கூடாது. கையால் பிய்க்க வேண்டும். உள்ளே ஆவி பறக்கும்போதே இடித்த சம்பலை வைத்து மூடிவிட வேண்டும். செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றை உரலில் இடித்துத் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விட்டது அந்தச் சம்பல். அரைத்த சம்பலுக்கு அந்த ருசி வராது. இடிக்கும்போது தேங்காய் முழுதாக நசுங்காமல் எண்ணெய் மட்டும் கசியும். பாணின் சூட்டில் அந்த எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். பக்கத்தில் ஒரு தேநீர் இருந்தால் போதும்.

எளிய உணவு என்று நீங்கள் வைத்த நிபந்தனைக்கு இதைவிட எது பொருந்தும்? 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்தில் இலங்கை முழுவதும் பாணுக்கு விடியவிடிய வரிசையில் நின்றார்கள். என் அம்மம்மா அந்த வரிசையைப் பற்றிச் சொல்லாமல் பாணைப் பிய்த்ததே இல்லை. இப்போது பாண் முச்சக்கர வண்டியில் வீட்டு வாசலுக்கே வருகிறது, பீத்தோவனின் பியானோ மெட்டு ஒன்றை ஒலித்துக்கொண்டு. அந்த மெட்டைக் கேட்டாலே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பணிஸ் (பன்) நினைவுதான் வரும்.

அமராவதிக்கரை (கரூர்)

தம்பி, இடித்த சம்பலைப் பற்றிப் படித்ததும் இரவுச் சமையலை நிறுத்திவிட்டுத் தேங்காய் உடைக்கலாமா என்று தோன்றுகிறது. கரூர்க்காரியாக இருந்தும் சொல்கிறேன், இது பலமான போட்டி.

மண்ணடி (சென்னை)

பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. பாரிமுனைப் பக்கம் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகளில் ஒரு மசாலா முட்டை கொடுப்பார்கள். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், ஒரு சொட்டு எண்ணெய் என்று உள்ளே அடைத்து நீட்டுவார்கள். இதையும் முழுதாகத்தான் வாயில் போட வேண்டும். முட்டையே ரொட்டி, முட்டையே பொதிவு. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். செட்டுக்குச் சரியான இணை என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி (சென்னை)

மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் செவிலியர் நான். நள்ளிரவுக்கு மேல் எந்தச் செட்டும் கரமும் பாணும் கிடைக்காது. கிடைப்பது பிரட் ஆம்லெட். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு முட்டையைக் கல்லில் ஊற்றி, அது இறுகுவதற்குள் இரண்டு ரொட்டித் துண்டுகளை அதிலேயே புரட்டி, ஓரங்களை மடித்து நாலாக வெட்டிக் கொடுப்பார் எங்கள் வாசல் கடைக்காரர். ஆறிய பிறகும் தின்ன முடியும். வார்டிலிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள். நோயாளியின் பக்கத்தில் விழித்திருக்கும் சொந்தக்காரர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் எங்களோடு அங்கேதான் நிற்பார்கள்.

முத்துநகர் (டர்பன்)

தூத்துக்குடியில் பிறந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஊர்ப் பண்டத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில்தான் முதல் ஒப்பந்தக் கூலிகள் இங்கே இறங்கினார்கள். கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அவர்களுடைய வழிவந்தவர்களின் நகரத்தில் 1940களை ஒட்டிப் பிறந்ததாகச் சொல்லப்படுவது பன்னி சௌ. வெட்டாத வெள்ளை ரொட்டியில் கால் பங்கை எடுத்து, உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டு, குழம்பை ஊற்றி நிரப்புவார்கள். குடைந்த ரொட்டியை மேலேயே மூடியாக வைப்பார்கள். முதலில் அதைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டும். பிறகு சுவர்களை மேலிருந்து கீழாகப் பிய்த்துக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டு அடிச்சுவரைப் பிய்த்தால் குழம்பு மடியில்தான் இருக்கும். முள்கரண்டியை எடுப்பவரை இங்கே யாரும் மதிப்பதில்லை.

ஆட்டுக்கறி, கோழி எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் நிபந்தனைக்கு ஏற்றது பீன்ஸ் பன்னி. காய்ந்த பீன்ஸ் விதையை மசாலாவில் குழைய வேகவைத்தது. கறி வாங்க முடியாதவர்களின் உணவு அது. இன்றைக்கும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்தப் பண்டம் எப்படிப் பிறந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். தோட்ட வேலைக்குக் குழம்பைக் கொண்டுபோக ரொட்டியையே பாத்திரமாக்கினார்கள் என்பது ஒன்று. நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்கள் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாததால், கையில் கொடுத்து அனுப்ப இப்படிச் செய்தார்கள் என்பது இன்னொன்று. எது சரியாக இருந்தாலும் தட்டும் கரண்டியும் கிடைக்காதவர்களுக்காகச் செய்த உணவு என்பதில் எல்லாக் கதைகளும் ஒன்றுபடுகின்றன.

சேலத்து நண்பருக்கு ஒரு செய்தி. பன்னி சௌவோடு தொட்டுக்கொள்ள என்ன தருவார்கள் தெரியுமா? துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய்!

அமராவதிக்கரை (கரூர்)

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. கொலுசுப்பட்டறை அண்ணா, பாருங்கள். வெள்ளைக்காரன் ரொட்டியில் நம் குழம்பை ஊற்றியதும் ஒரு கலப்புதானே? அதை அந்த ஊரே கொண்டாடுகிறது. கலப்பே கூடாது என்றால் இதுவும் கூடாது.

கொலுசுப்பட்டறை (சேலம்)

கலப்பு கூடாது என்று நான் சொல்லவே இல்லை தங்கையே. கேரட்டும் பீட்ரூட்டும் மிளகாயும்கூட வெளியிலிருந்து இந்த மண்ணுக்கு வந்தவைதான். டர்பன்காரர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். தட்டில்லை, ரொட்டி இருந்தது, ரொட்டியைத் தட்டாக்கினார்கள். நாமக்கல் முட்டை, பாண், பாவ், பர்மாவிலிருந்து வந்த பொரித்த பூண்டு எல்லாமே அப்படி வந்தவை. தேவையும் மலிவும் சேர்ந்து கொண்டுவந்தவை. வண்டிக்காரர் ஒருவர் நாளைக்குப் பீட்ரூட் விலை ஏறியதென்று முள்ளங்கியைத் துருவிப் போட்டால் நான் முதல் ஆளாக வாங்குவேன். மயோனைஸை நான் எதிர்ப்பதற்கு ஒரே காரணம், அது வந்த பிறகு மாலையில் பட்டறைப் பையன் அந்த வண்டியைத் தாண்டிப் போகிறான். ஒரு தட்டு வாங்கும் இடத்தில் அரைத் தட்டுக்கூட அவனால் வாங்க முடியவில்லை. அவன் நிற்காத வண்டியில் எனக்கு வேலையில்லை.

மாட்டுங்காவாசி (மும்பை)

இதற்கு மறுப்பில்லை அண்ணா. சீஸ் வடா பாவை நானும் தொடுவதில்லை. ஆனால் மாவுக்குள் மாவு என்று சொன்னதை மட்டும் மன்னிக்க மாட்டேன். மும்பைக்கு வாருங்கள், மழை பெய்யும்போது நானே வாங்கித் தருகிறேன். அப்போது சொல்லுங்கள்.

முத்துநகர் (டர்பன்)

ஒரு கோரிக்கை. இங்கே அரிசி மாவு, கறிவேப்பிலை, பீட்ரூட் எல்லாம் கிடைக்கும். செட்டை வீட்டில் செய்ய வழி சொல்லுங்கள். இணையத்தில் பார்த்துச் செய்த நண்பர் வீட்டில் தட்டுவடை நமுத்துப்போய் அப்பளமும் இல்லாமல் அடையும் இல்லாமல் வந்தது.

கொலுசுப்பட்டறை (சேலம்)

நமுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். தட்டுவடை உள்வரை வேகவில்லை, அல்லது சட்னி நீர்த்திருக்கிறது.

இரண்டு கப் அரிசி மாவுக்கு, வறுத்து அரைத்த உளுந்து மாவு இரண்டு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, ஊறவைத்து வடித்த கடலைப்பருப்பு ஒரு கை, வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மிளகாய்த்தூள், பெருங்காயம், எள், கிள்ளிய கறிவேப்பிலை, உப்பு. வெண்ணெயை மாவில் நன்றாகப் பிசிறிய பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். சிறு வட்டமாகத் தட்டி, முள்கரண்டியால் அங்கங்கே குத்துங்கள். குத்தாவிட்டால் பூரிபோல் உப்பிவிடும். மிதமான தீயில், எண்ணெயின் சலசலப்பு முழுதாக அடங்கும்வரை விடுங்கள். அவசரம் கூடாது. நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் மூட வேண்டும்.

பச்சைச் சட்னிக்குக் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், உப்பு. கெட்டியாவதற்கு ஒரு கரண்டி பொட்டுக்கடலை. சிவப்புக்கு ஊறவைத்த காய்ந்த மிளகாய் பத்து, பூண்டு பத்துப் பல், சிறிய தக்காளி ஒன்று. தண்ணீர் விடாமல் அரைத்துக் கொஞ்சம் எண்ணெயில் சுண்ட வதக்குங்கள். சாய்த்தாலும் கரண்டியைவிட்டு இறங்கக் கூடாது.

காயைத் துருவியதும் உப்புப் போட்டு வைக்காதீர்கள். உப்பு தண்ணீரை இழுத்துவிடும். அந்தத் தண்ணீர் தட்டுவடையைக் கெடுத்துவிடும். எலுமிச்சையும் மூடும் நேரத்தில்தான். அடுக்கி வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடாதீர்கள். ஆட்களை முதலில் வரிசையாக நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுங்கள்.

அமராவதிக்கரை (கரூர்)

முத்துநகர் அண்ணா, சிவப்புச் சட்னியில் ஒரு சுளை புளியும் வைத்து அரையுங்கள். காரம் அப்போதுதான் நிற்கும். தட்டுவடை உடைந்துபோனவற்றை எறிந்துவிடாதீர்கள். பொரி வாங்கி வையுங்கள், கரம் செய்ய நான் சொல்லித்தருகிறேன்.

கொலுசுப்பட்டறை (சேலம்)

புளி வேண்டாம். எலுமிச்சை இருக்கும்போது புளி எதற்கு? மண்ணடி நண்பர் முட்டைக்குள் புளி விடட்டும், அங்கே அது பொருந்தும். செட்டில் புளிப்பு கடைசியாக மேலிருந்து வர வேண்டும், சட்னிக்குள் இருந்து வரக் கூடாது. பொரிக்கு மறுப்பில்லை.

முத்துநகர் (டர்பன்)

பாதிச் சட்னியில் புளி விட்டும் பாதியை விடாமலும் செய்கிறேன். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் இரண்டையும் கொடுத்து, எது பிடித்தது என்று கேட்டு எழுதுகிறேன். அவர்கள் கைக்கு ஒரு பன்னி சௌவையே முடிப்பவர்கள் என்பதால் மாவின் அளவை மூன்று மடங்காக்கிக்கொள்கிறேன்.